சத்தமில்லாத கீபோர்ட்டைத் தெரிவு செய்தல்

தமிழ் அகராதியில் 'மிடி' என்ற சொல்லைத் தேடினால் வறுமை என்றுதான் பொருள் போட்டிருக்கும். இசைக்கருவிக் கடையில் கேட்கும் மிடி வேறு. இசைக் கருவிகள் ஒன்றோடொன்று எண்களால் பேசிக்கொள்வதற்கான ஒழுங்குமுறைக்கு ஆங்கிலத்தில் வைத்த நீண்ட பெயரின் முதலெழுத்துகள் அவை. ஆனாலும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு இரண்டு பொருளும் அவ்வளவு தூரமில்லை. யோசிக்காமல் வாங்கினால் இரண்டாவது மிடி முதலாவது மிடியைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடும்.

எங்கள் கல்லூரியில் தமிழ்த் தினத்துக்கும் மீலாத் விழாவுக்கும் பின்னணி ஒலி சேர்க்கும் குழுவில் நானும் இருக்கிறேன். ஒலி நாடகம், கவிதை வாசிப்பு, ஆவணப் படம் எல்லாவற்றுக்கும் போனில் இறக்கிய இசையையே திரும்பத் திரும்பப் போட்டு அலுத்துவிட்டது. சொந்தமாகச் செய்வோம் என்று யோசித்ததிலிருந்து 'எந்தக் கீபோர்ட் வாங்கலாம்?' என்று தோழிகள் கேட்கிறார்கள். அவர்களின் உம்மாமாரும் கேட்கிறார்கள். இசை பற்றி நம் எல்லா வீடுகளிலும் ஒரே கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை அந்தந்த வீட்டுக்கே விட்டுவிடுகிறேன். வாங்குவது என்று முடிவெடுத்த வீட்டுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். மிடி கன்ட்ரோலர் என்று விற்கப்படும் கீபோர்ட்டில் சத்தம் இல்லை. ஒலிபெருக்கி இல்லை, உள்ளே எந்த வாத்தியமும் இல்லை. கட்டையை அழுத்தினால் அது ஒரு செய்தியை மட்டும் அனுப்பும்: 'கட்டை 60 அழுத்தப்பட்டது, வேகம் 90.' விரலை எடுத்தால் இன்னொரு செய்தி: 'கட்டை 60 விடப்பட்டது.' 60 என்பது நடு ஸ்தாயியின் 'ஸி'. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை இலக்கம் உண்டு. எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதற்கும் 127 வரை எண் உண்டு. அந்தச் செய்தியை வாங்கிச் சத்தமாக மாற்றுவது கணினியில் அல்லது போனில் இருக்கும் மென்பொருள். அது பியானோவாகவும் இருக்கலாம், புல்லாங்குழலாகவும் இருக்கலாம்.

வாப்பா உட்துறைமுகப் பக்கம் வள்ள எஞ்சின் திருத்துபவர். நான் இதை விளக்கியபோது, "சத்தமே இல்லையெண்டா எதுக்கு மகள் இவ்வளவு காசு?" என்று கேட்டார். பிறகு அவரே பதிலும் சொன்னார்: "அப்ப இது சுக்கான். எஞ்சின் வேற." இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை. சுக்கான் எவ்வளவு நல்லதானாலும் எஞ்சின் இல்லாத வள்ளம் கரையிலேயே நிற்கும்.

இந்த ஒழுங்குமுறை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு கம்பனியின் மின் வாத்தியமும் தன் சொந்த மொழியில் மட்டும் பேசியது. ஒரு கம்பனியின் கீபோர்ட்டால் இன்னொரு கம்பனியின் கருவியை இயக்க முடியாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித் 1981இல் ஒரு பொது மொழிக்கான யோசனையை முன்வைத்தார். ஜப்பானில் ரோலண்ட் கம்பனியை உருவாக்கிய இக்குதாரோ ககெஹாஷியும் அதே நோக்கத்தோடு உழைத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் புரொஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜுப்பிட்டர்-6 கருவியையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசிக்க மற்றதிலும் ஒலித்தது. இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது விருது அல்ல. அவர்கள் இந்த மொழியை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். மலிவான கீபோர்ட்டும் விலையுயர்ந்த கீபோர்ட்டும் இன்று ஒரே மொழி பேசுவதற்கு அதுதான் காரணம். கம்பனியின் பெயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எது எதோடும் பேசும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, வீட்டில் எஞ்சின் இருக்கிறதா என்பதுதான். தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்காக வாங்கிய லெப்டொப் இருந்தால் போதும். கேக்வோக், எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. சேர்ஜ் எக்ஸ்.டி. போன்ற இலவச வாத்தியங்களும் இருக்கின்றன. லெப்டொப் இல்லாவிட்டால் அன்ட்ரொய்ட் போனும் உதவும். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அது மிடியைப் புரிந்துகொள்கிறது. போனுக்கும் கீபோர்ட்டுக்கும் இடையில் ஓ.டி.ஜி. என்ற சிறு இணைப்பி வேண்டும். ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் கன்ட்ரோலர் வாங்காதீர்கள். அது மேசையில் ஊமையாகக் கிடக்கும்.

அந்த வீட்டுக்கு, ஒலிபெருக்கி உள்ள சாதாரண கீபோர்ட்டே நல்லது. ஆனால் பின்னால் யூ.எஸ்.பி. துளை உள்ளதாகப் பாருங்கள். கேசியோ சி.டி.-எஸ்300, யமஹா பி.எஸ்.ஆர்.-ஈ373 இரண்டிலும் 61 கட்டைகள் உண்டு. விரல் வேகத்தை உணரும். இன்று தனியே வாசிக்கலாம். நாளை லெப்டொப் வந்தால் கேபிளைச் செருகி அதையே கன்ட்ரோலராக்கலாம். பார்ப்பதற்கு இவற்றைப் போலவே இருக்கும் இன்னும் மலிவான கீபோர்ட்களும் உண்டு. அவற்றில் மெதுவாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். உதாரணமாக, சி.டி.-எஸ்200க்கும் சி.டி.-எஸ்300க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசமில்லை. முன்னையது விரல் வேகத்தை உணராது. பெட்டியில் இருக்கும் அந்த ஓர் இலக்கத்தைக் கவனியுங்கள்.

யமஹா என்ற பெயரைக் கேட்டதும் வாப்பாவுக்கு நினைவு வருவது நாற்பது குதிரைவலு எஞ்சின். அதுவும் இதுவும் ஒரே வேரில் வந்தவைதான். 1887இல் டொரகுசு யமஹா ஜப்பானில் ஓர்கன் திருத்தத் தொடங்கியதில் பிறந்தது இசைக்கருவிக் கம்பனி. 1955இல் மோட்டார் கம்பனி தனியாகப் பிரிந்தது. வள்ளத்தின் எஞ்சின் மூடியில் இருக்கும் அந்த முத்திரையை நன்றாகப் பாருங்கள். அது குறுக்காக வைத்த மூன்று இசைக்கவைகள். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் நாம் தட்டிப் பார்க்கும் அதே கவை.

இனிக் கட்டைகளின் எண்ணிக்கை. கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் 25, 37, 49, 61, 88 கட்டைகளுடன் வருகின்றன. 25 என்றால் இரண்டு ஸ்தாயி. கணினியில் ஒவ்வொரு வாத்தியமாகப் பதிவு செய்து அடுக்குவதற்கு அது போதும். புத்தகப் பையிலும் அடங்கும். ஆனால் இரண்டு கையாலும் வாசிக்க நினைத்தால் இடது கை இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். 49 நடுவழி. மேடையில் இடது கைக்கு ஒரு வாத்தியம், வலது கைக்கு வேறொன்று என்று பிரித்து வாசிப்பவர்களுக்கு 61 வேண்டும். 88 பியானோ படிப்பவர்களுக்கு. அதைப் பஸ்ஸில் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்க முடியாது. எண்ணிக்கையைவிட முக்கியமானது கட்டையின் அகலம். சிறிய கன்ட்ரோலர்களில் கட்டைகள் ஒடுங்கியவை. அவற்றிலேயே பழகிய விரல், கல்லூரி மண்டபத்திலிருக்கும் பெரிய கீபோர்ட்டில் அடுத்த கட்டையில் போய் விழும். மேடையில் வாசிக்கும் எண்ணம் இருந்தால் முழு அகலக் கட்டையையே எடுங்கள் என்பது என் கருத்து.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு இப்போது வருகிறேன்.

மூதூரில் இருக்கும் என் மூத்தம்மா பழைய தாலாட்டுகளும் நாட்டார் கவிகளும் படிப்பார். கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் வாய்வழியாகக் காத்துவந்த செல்வம் அது என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கிறோம். படிப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவருடைய குரலை இருக்கும்போதே பதிவு செய்து, பின்னால் மெல்லிய இசை ஒன்று சேர்க்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் திட்டம். பதிவைக் கேட்டபடி கீபோர்ட்டில் தொடர்ந்து பார்த்தோம். முதல் வரியிலேயே கட்டைகள் தோற்றுப்போயின. மூத்தம்மா ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை, வழுக்கிப் போகிறார். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் நின்று குரலை அசைக்கிறார். அந்த நடு இடத்தில் கீபோர்ட்டில் எதுவும் இல்லை.

இது புதிய முறைப்பாடு அல்ல. இதே காரணத்தை முக்கியமாகச் சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. ஐரோப்பாவிலிருந்து வந்த இந்தப் பெட்டியின் கட்டைகளால் நம் இசையின் கமகத்தைக் காட்ட முடியாது என்பது வாதம். அந்தத் தடை தளர 1971 வரை ஆனது. வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் அந்த முப்பது வருடமும் ஊரெல்லாம் ஹார்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது என்பதும் உண்மை.

மிடி கீபோர்ட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில், கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். கடையில் 'பிட்ச் வீல்' என்பார்கள். அதைத் தள்ளினால் ஒலிக்கும் சுரம் உயரும், இழுத்தால் தாழும், விட்டால் தானாக நடுவுக்கு வந்துவிடும். கட்டையின் வேகத்துக்கு 128 படிகள்தான் என்று சொன்னேன் அல்லவா? இந்தச் சக்கரத்துக்கு மட்டும் 16,384 படிகள். ஏன் இவ்வளவு? வேகத்தில் ஒரு படி கூடினால் காதுக்குத் தெரியாது. சுருதியில் சிறு படியும் தெரிந்துவிடும். சாதாரணமாகச் சக்கரத்தை முழுதும் தள்ளினால் இரண்டு அரைச்சுரம் உயரும். மென்பொருளில் அந்த அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். தாலாட்டுக்கு இரண்டே போதும். கூட்டி வைத்தால் கை சற்று அசைந்தாலும் சுருதி ஓடிவிடும்.

சென்னையில் கே. சத்தியநாராயணன் என்ற கலைஞர் இந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டே முழுக் கர்நாடக இசைக் கச்சேரி செய்கிறார். வலது கை கட்டையில், இடது கை சக்கரத்தில். கண்ணை மூடிக் கேட்டால் கட்டை இருப்பதே மறந்துபோகும். ஏ.ஆர். ரஹ்மான் இன்னொரு வழியில் போனார். 2009இல் வந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் அவர் கன்டினுவம் என்ற கருவியை வாசித்திருக்கிறார். லிப்போல்ட் ஹாக்கென் என்ற அமெரிக்கர் உருவாக்கிய அதில் கட்டைகளே இல்லை. நீண்ட மெத்தை போன்ற பரப்பில் விரலை நகர்த்தினால் சுருதியும் நகரும். அது நம் வீட்டு வரவு செலவுக்குள் வராத பொருள். இந்தப் பிரச்சினை மூத்தம்மாவின் தாலாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டத்தான் சொன்னேன்.

ஆகவே நம் பாடல்களுக்கு வாங்குபவர் இடது ஓரத்தை முதலில் பார்க்க வேண்டும். சிறிய கன்ட்ரோலர்கள் சிலவற்றில் சக்கரத்துக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கும். அக்காய் எம்.பி.கே. மினியில் ஒரு சிறு குச்சி. ஆர்டூரியா மினிலேப் 3இல் தொடும் பட்டை. கோர்க் நனோகீ 2இல் வெறும் பொத்தான்கள்தான். பொத்தானில் கமகம் வராது. குச்சியில் ஓரளவு வரும். ஆனால் அதே குச்சியை முன்னும் பின்னும் அசைத்தால் வேறொரு கட்டளை போய்விடும் என்பதால் கை பழக நாள் செல்லும். எம்-ஓடியோ கீஸ்டேஷன் 49 போன்ற எளிய ஒன்றில் விளக்குகளும் இல்லை, திரையும் இல்லை. ஆனால் இரண்டு நல்ல சக்கரங்கள் இருக்கின்றன. மின்னும் பெட்டிகளுக்கு நடுவில் அது ஏழைபோலத் தெரியும். எனக்குத் தேவையானது அதில்தான் இருந்தது. ஒலிபெருக்கியுள்ள கீபோர்ட் வாங்குபவரும் இதைப் பார்க்கலாம். மேலே சொன்ன இரண்டில் கேசியோவில் சக்கரம் உண்டு, யமஹாவில் இல்லை.

இன்னொரு நுட்பம். சக்கரம் அனுப்பும் கட்டளை ஒரு சுரத்துக்கு அல்ல, அந்த வழித்தடம் முழுவதற்கும் போகும். மிடியில் 16 வழித்தடங்கள் உண்டு. ஒரே வழித்தடத்தில் பின்னணிச் சுருதியையும் மெட்டையும் சேர்த்து வாசித்துக்கொண்டு சக்கரத்தைத் தொட்டால் சுருதியும் சேர்ந்து வளையும். கேட்பவருக்குத் தலை சுற்றும். சுருதியை ஒரு வழித்தடத்தில் தனியே பதிவு செய்துவிட்டு, மெட்டை இன்னொன்றில் வாசித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் தனி வழித்தடம் கொடுக்கும் முறை ஒன்று 2018இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கான கீபோர்ட்கள் விலை கூடியவை.

சுருதி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பாடுபவரைக் கீபோர்ட்டின் சுருதிக்கு இழுக்காதீர்கள். வயதானவர்கள் தங்களுக்கு வசதியான இடத்தில்தான் தொடங்குவார்கள். அது இரண்டு கட்டைகளுக்கு நடுவிலும் இருக்கலாம். ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் 'சென்ட்' என்பார்கள். மென்பொருளில் மொத்தச் சுருதியையும் ஒவ்வொரு சென்ட்டாக நகர்த்தலாம். மூத்தம்மாவின் குரலை முதலில் பதிவு செய்து, பிறகு நாங்கள் சுமார் நாற்பது சென்ட் இறங்கி அவரிடம் போனோம். பத்து நிமிட வேலை.

பேட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தட்டினால் தாளம் தரும் இறப்பர்ச் சதுரங்கள் அவை. றபான் ஓசையைப் பதிவு செய்து அதில் ஏற்றித் தட்டலாம். அதே வேலையைக் கட்டைகளிலும் செய்யலாம். திருகிகளும் அப்படித்தான். நான்கு இருந்தால் நல்லது, இருபது இருந்தால் தூசு துடைக்க வேண்டும்.

எந்த ஓசையையும் கட்டையில் ஏற்றலாம் என்பதுதான் கன்ட்ரோலரின் உண்மையான பெருமை. வாப்பாவின் பட்டறையில் ஓடிய எஞ்சின் சத்தத்தைப் போனில் பிடித்து மென்பொருளில் போட்டேன். ஒவ்வொரு கட்டை மேலே போகும்போதும் மென்பொருள் அதை 1.0595 மடங்கு வேகமாக ஓட்டுகிறது. பன்னிரண்டு கட்டை தாண்டினால் சரியாக இரு மடங்கு, அதாவது ஒரு ஸ்தாயி. கடலைப் பற்றிய கவிதை வாசிப்புக்கு அந்த எஞ்சினையே கீழ் ஸ்தாயியில் சுருதியாக வைத்தோம். வாப்பா கேட்டுவிட்டு, "இதுட வால்வ பாக்கோணும்" என்றார்.

அடுத்தது தாமதம். கீபோர்ட் வாங்கிய பலர் 'அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வருகிறது, கருவி பழுது' என்கிறார்கள். பெரும்பாலும் கருவி பழுதில்லை. பழைய ஐந்துமுனை மிடி கேபிளில்கூட ஒரு சுரத்தின் செய்தி ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். வினாடிக்கு 31,250 பிட் அதன் வேகம், ஒரு செய்திக்கு 30 பிட். தாமதிப்பது லெப்டொப். அது ஒலியைச் சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும்போது ஒரு மூட்டையில் 1,024 மாதிரிகள் என்றால் தாமதம் சுமார் 23 மில்லிசெக்கன். எட்டு மீற்றர் தள்ளி நிற்கும் ஒருவர் வாசிப்பதைக் கேட்பது போன்றது அது. 128 என்று குறைத்தால் மூன்று மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும். வாத்தியம் மடிமேலேயே இருக்கும். மிகவும் குறைத்தால் பழைய லெப்டொப் திணறி, ஒலி வெடிக்கும். 256இல் தொடங்கிப் பாருங்கள். வின்டோஸ் பாவிப்பவர்கள் ஏசியோ வகை இயக்கி ஒன்றை நிறுவ வேண்டும், ஏசியோ4ஓல் இலவசம். புளூடூத் ஹெட்போனில் ஒருபோதும் வாசிக்காதீர்கள். அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. வயர் உள்ள சாதாரண இயர்போனே மேல்.

மேடைக்கு வேறு சில கவனங்கள். யூ.எஸ்.பி. கேபிள் சற்று இழுபட்டாலும் கழன்றுவிடும். அதை மேசைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். லெப்டொப்பின் தூக்க நேரத்தையும் இணையத்தையும் நிகழ்ச்சிக்கு முன் நிறுத்திவிடுங்கள். கேபிள் நடுவில் கழன்றால் 'கட்டை விடப்பட்டது' என்ற செய்தி போய்ச் சேராமல் அந்தச் சுரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும். எல்லாச் சுரத்தையும் நிறுத்தும் பொத்தான் மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று முதலே பார்த்து வையுங்கள். நீடிப்பு மிதி செருகும் துளை இருப்பது நல்லது. மிதியைச் செருகும்போது காலை அதில் வைக்காதீர்கள். பல கீபோர்ட்கள் அந்த நிலையையே 'விட்ட நிலை' என்று எடுத்துக்கொண்டு தலைகீழாக வேலை செய்யும். கணினியே இல்லாமல் வேறொரு ஒலிப்பெட்டியை நேரே இயக்கும் எண்ணம் இருந்தால் வட்டமான ஐந்துமுனைத் துளை வேண்டும். நொவேஷன் லோஞ்ச்கீயின் 49, 61 கட்டை வகைகளின் மூன்றாம் தலைமுறையில் அது உண்டு. மலிவானவை பலவற்றில் இல்லை. மின்வெட்டைப் பற்றிக் கன்ட்ரோலர்க்காரருக்குக் கவலை குறைவு. அதற்கான மின்சாரம் லெப்டொப்பின் பற்றரியிலிருந்தே யூ.எஸ்.பி. வழியாக வந்துவிடும். மண்டபத்தின் ஒலிபெருக்கிதான் நின்றுபோகும்!

பணத்துக்கு வருகிறேன். இவை எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நூறு டொலர்ப் பொருள் ஒன்றுக்கு இரண்டே மாதத்தில் 16,000 ரூபா கூடியது. அன்றிலிருந்து பலர் பாவித்த கீபோர்ட்டையே தேடுகிறார்கள். அது நல்ல வழிதான், சோதித்து வாங்கினால். ஒரு லெப்டொப்பையும் உங்கள் சொந்தக் கேபிளையும் கொண்டுபோங்கள். வரும் மிடி எண்களைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. கடைசிக் கட்டை முதல் முதற் கட்டை வரை ஒவ்வொன்றையும் மெதுவாகவும் பலமாகவும் அழுத்துங்கள். மெதுவாக அழுத்தியும் 127 காட்டும் கட்டையின் தொடுகை தேய்ந்திருக்கிறது. சக்கரத்தைத் தள்ளிவிட்டு விடுங்கள். நடுவுக்கு வந்து எண் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் பாட்டு முழுவதும் சுருதி நடுங்கும். யூ.எஸ்.பி. முனையை இலேசாக அசைத்துப் பாருங்கள்.

வாடகைக்கு எடுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ரஹ்மானுக்கு ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே. சேகர் காலமானபோது, தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சமாளித்தது. ஒருநாள் நிகழ்ச்சிக்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. நான்கு வீடுகள் சேர்ந்து கல்லூரிக்கு ஒன்று வாங்குவதும் நடக்கக்கூடியதே.

எங்கள் வீட்டில் முடிவு உம்மாவின் கையில் இருந்தது, ஏனென்றால் காசு உம்மாவின் சீட்டுக் காசு. பேட்களும் வண்ண விளக்குகளும் உள்ள 25 கட்டை ஒன்று, விளக்கில்லாத 49 கட்டை ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. தம்பி முதலாவதைத்தான் கேட்டான். உம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உம்மாட பாட்டு எதுல வரும்?" மூத்தம்மாவைத்தான் சொன்னார். சக்கரம் உள்ள 49ஐப் பாவித்த நிலையில் வாங்கினோம். மீதிப் பணத்தில் ஒரு மிதியும் இரண்டு மீற்றர் கேபிளும் வந்தன. உயர்தரப் பரீட்சை முடியும்வரை கிழமைக்கு இரண்டு இரவு, ஹெட்போன் போட்டு, ஒரு மணித்தியாலம் என்பது ஒப்பந்தம். சத்தமில்லாத கீபோர்ட் என்பதால் பக்கத்து அறையில் படிக்கும் தம்பிக்கும் தொல்லை இல்லை. கட்டை தட்டுப்படும் 'டொக் டொக்' மட்டும் கேட்குமாம்.

துறைமுகக் கரையில் குடியிருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உப்புக் காற்று கதவுப் பிணைச்சலையே தின்கிறது, யூ.எஸ்.பி. முனையை விடுமா? கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே கீபோர்ட்டை வைக்காதீர்கள். வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்றி ஒரு பொலித்தீன் பையில் போடுங்கள். கட்டைகளை ஈரத் துணியால் அல்ல, உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். உம்மா பழைய திரைச்சீலையில் தைத்துத் தந்த உறைதான் இப்போது எங்கள் கீபோர்ட்டை மூடியிருக்கிறது. புதுச் செருப்புப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் இரண்டை அதன் மூலைகளில் போட்டிருக்கிறோம்.